ஒட்ட வேண்டாம், முடுக்குங்கள்: அம்மா அறையில் ஸ்கர்ட்டிங் மாற்றிய கதை

விளக்குமாற்றுக் கட்டை இடித்ததுதான் ஆரம்பம். அம்மாவின் கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது கட்டையின் முனை சுவரோரப் பலகையில் பட்டது. பட்டதும் "டொக்" என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை. கட்டை பலகைக்குள்ளேயே போய்விட்டது. வெளியே பார்த்தால் பளபளவென்று வெள்ளைப் பெயின்ட். உள்ளே ஒன்றுமே இல்லை. பெயின்ட் மட்டும் பலகை உருவத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தாமான் (குடியிருப்பு) இருக்கும் இடம் ஒரு காலத்தில் கித்தாக் காடு, அதாவது ரப்பர்த் தோட்டம். அப்பா முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். லயத்து வீட்டை விட்டு வந்து இந்த ஒற்றை மாடி வரிசை வீட்டை வாங்கிய புதிதில், அவரே தோட்டத்து ஆசாரி ஒருவரை அழைத்துவந்து இந்த அறைக்கு ஓரப்பலகை அடித்தார். மெராந்தி மரம், மூன்றரை அங்குல உயரம், அரை அங்குலக் கனம், மேல் விளிம்பில் ஒரு சின்ன வளைவு. நாங்கள் ஸ்கர்ட்டிங் என்போம், அம்மாவுக்கு இன்னமும் அது ஓரப்பலகைதான்.

அறை 12 அடிக்கு 10 அடி. கதவுக்கு 3 அடி போனால் 41 அடிப் பலகை. ஒரு சனிக்கிழமையில் கழற்றி, ஞாயிறில் புதிதாக அடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடிய மூன்று மாதம் ஆனது. அதில் பெரும்பகுதி என் அவசரத்தின் சம்பளம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கழற்றுகிற வேலை கடினமில்லை, பொறுமை இருந்தால் போதும். முதலில் பலகையின் மேல் விளிம்பும் சுவரும் சேரும் கோட்டில் கட்டர் கத்தியால் ஒரு கீறல். இதைச் செய்யாமல் நெம்பினால் சுவர்ப் பெயின்ட் பட்டை பட்டையாகப் பலகையோடு சேர்ந்து வந்துவிடும். அப்புறம் அகலமான பட்டித் தகட்டைச் செருகி, கொஞ்சம் இடைவெளி கிடைத்ததும் தட்டையான நெம்புகோல். நெம்புகோலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு துண்டுப் பிளைவுட் வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நெம்புகிற பலம் முழுதும் சுவர்ப் பூச்சில் இறங்கிக் குழி விழும். நான் கதவு நிலையின் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். அங்கே பலகைக்கு ஒரு முனை சும்மா இருக்கும், பிடித்து இழுக்கச் சுலபம். மூலையிலிருந்து ஆரம்பித்தால் ஒரு பலகை இன்னொன்றின் மேல் ஏறி நின்று வம்பு பண்ணும். ஆணி இருக்கும் இடம் தெரிய, பலகையை விரலால் தட்டிக்கொண்டே போகலாம் என்பார்கள். என் பலகையில் தட்டியதற்கெல்லாம் ஒரே பொத்தல் சத்தம்.

இதற்கு முன்னாலேயே ஒன்று செய்ய வேண்டும்: பலகையின் மேல் விளிம்பில் என்னென்ன வயர் ஓடுகிறது என்று பார்ப்பது. எங்கள் வீட்டில் பழைய தொலைபேசி வயர் ஒன்று கிளிப் அடித்து ஓடிக்கொண்டிருந்தது. அது செத்த வயர், பிடுங்கிப் போட்டேன். சுவருக்குள் போகும் கரண்ட் வயர் வேறு விஷயம். பிளக் பாயின்ட்டுக்கு நேர் கீழேயும் நேர் மேலேயும் பூச்சுக்குள் குழாய் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, அங்கே ஒரு ஜாண் அகலத்துக்கு டிரில் போடுவதில்லை என்று முடிவு பண்ணிப் பென்சிலால் குறித்தேன்.

இரண்டாவது பலகை வரும்போதுதான் பாதிக் காரணம் புரிந்தது. அடிப்பாகம் வர மறுத்தது. குனிந்து பார்த்தால், பலகையின் காலே தரைக்குள் புதைந்திருக்கிறது. முதலில் இந்த அறைக்கு வெறும் சிமிண்டுத் தரைதான். பின்னால் டைல்ஸ் போட்டபோது, போட்டவர் பலகையைக் கழற்றாமல் அதை ஒட்டியே டைல்ஸை வைத்து, இடைவெளியில் சிமிண்டுக் குழம்பை ஊற்றிவிட்டிருக்கிறார். ஆக, பலகையின் அடி அரை அங்குலம் டைல்ஸ் மட்டத்துக்குக் கீழே ஒரு வாய்க்காலில் நின்றிருக்கிறது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் வீடு கழுவுவார்கள். மஞ்சள் தண்ணீர், வாளி வாளியாக. அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும் என்று கேட்கவே வேண்டாம். மரத்தின் அறுபட்ட முனை தண்ணீரைத் திரி போல உறிஞ்சும். முனைக்கும் அடி விளிம்புக்கும் அந்தக் காலத்து ஆசாரி பெயின்ட் அடிக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற பக்கம் மட்டும் நான்கு கோட்டு.

ஈரம் வந்த இடத்துக்குப் பின்னாலேயே கரையானும் வந்தது. பலகைக்குப் பின்னால் பூச்சின் மேல் மண் குழாய்கள், பென்சில் கனத்தில், தரையின் விரிசலிலிருந்து கிளம்பிக் கதவை நோக்கிப் போயிருந்தன. ஒன்றை உடைத்ததும் உள்ளே இருந்து ஆரஞ்சுத் தலையோடு சிலது வெளியே வந்து கொடுக்கைத் திறந்தன. ஒரு குச்சியால் சீண்டினால் நெற்றியிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இதுவும் பால் சுரக்குதே ஐயா. உங்கப்பா இருந்திருந்தா கப்பு வச்சிருப்பாரு" என்றார். கோப்டோடெர்மிஸ் என்கிற இனத்துக் கரையான். இதன் சிப்பாய்கள் எதிரி வந்தால் இப்படிப் பசை போன்ற பாலைக் கக்கும். இந்த இனத்தில் ஒரு வகை, உயிரோடு நிற்கும் கித்தா மரத்தையே தின்னக்கூடியது. பக்கத்துக் கோலகங்சாரில் 1877-ல் ரப்பர் கன்று நட்டார்கள். அதற்குப் பின்னால் இந்த மாநிலத்தில் காடு காடாக கித்தா வந்தது. ஆனால் இந்தக் கரையான் அதற்கும் முன்னாலிருந்தே இந்த மண்ணின் குடி. தோட்டத்தை அழித்துத் தாமான் கட்டும்போது மரத்தைத்தான் எடுக்கிறார்கள். மண்ணுக்குள் கிடக்கும் வேரும் கட்டையும் அதற்குப் பல வருடச் சாப்பாடு. அது தீர்ந்தால் மேலே பார்க்கும்.

இங்கேதான் நான் செய்த தப்பு. கொசு மருந்து டின்னை எடுத்துக் குழாய் முழுக்க அடித்தேன். குழாயைச் சுரண்டி, கூட்டி அள்ளி, சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். நூறு இருநூறு செத்துக் கிடந்தன. வெற்றி என்று நினைத்துப் பசியாறப் போனேன். இரண்டு வாரம் கழித்து ஹாலில், கதவு நிலையின் மறுபக்கத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் புதிய மண் கோடு.

கரையான் மருந்துக்காரத் தம்பி வந்து பார்த்தார். முதல் கேள்வியே, "அண்ணே, எதையாச்சும் அடிச்சீங்களா?" என்பதுதான். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். அவர் சொன்னது இது: உயிரோடு இருக்கும் குழாயைக் கலைக்கவே கூடாது. கொசு மருந்து கண்ணுக்குத் தெரிகிறதை மட்டும் கொல்லும். மற்றவை அந்த வழியை அடைத்துவிட்டு வேறு பக்கம் போகும். கூடு மண்ணுக்குள் எங்கேயோ இருக்கிறது. அவர் வைப்பது இரை. அதில் இருக்கும் மருந்து உடனே கொல்லாது. வளர்கிற கரையான் தோலுரிக்க முடியாமல் பண்ணும். வேலைக்காரக் கரையான் அதைத் தின்றுவிட்டுப் போய் மற்றவைக்கு ஊட்டினால்தான் கூடு முழுக்கப் பரவும். அதற்கு அவை நிம்மதியாக, தொந்தரவில்லாமல் வந்துபோக வேண்டும். நான் அடித்த மருந்து வாசனை போய், அவை மறுபடி ஒழுங்காக ஓடத் தொடங்கின பிறகுதான் இரைப் பெட்டியைக் கதவு நிலையில் ஒட்டினார். அப்புறம் வாரா வாரம் வந்து இரையை நிரப்பினார். ஏழு வாரம். செலவு 1,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டியது. பலகைச் செலவெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

ஆகவே, ஸ்கர்ட்டிங்கைக் கழற்றும்போது கரையான் உயிரோடு இருந்தால், கழற்றியதை அப்படியே மெதுவாகத் திரும்பச் சாய்த்து வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

ஏழு வாரமும் அம்மா ஹாலில் படுத்தார். தினமும் ஒரு முறை "என் ரூம் எப்பய்யா தருவ?" என்று கேட்பார். நான் அந்த நேரத்தில் சுவரைச் சரிபண்ணினேன். பழைய பலகையைப் பிடித்திருந்தவை கான்கிரீட் ஆணிகள். பிடுங்கிய இடத்திலெல்லாம் பூச்சு கைப்பிடி அளவுக்குப் பெயர்ந்து வந்திருந்தது. தளர்ந்த பூச்சை எல்லாம் உளியால் தட்டி எடுத்துவிட்டு, செங்கல்லை நன்றாக நனைத்து, சிமிண்டும் மணலும் ஒன்றுக்கு நான்கு கலந்து பூசினேன். நனைக்காமல் பூசினால் காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும், பூச்சு பொருக்கு விட்டுப் போகும். அந்த வாய்க்காலையும் அதே கலவையால் டைல்ஸ் மட்டத்துக்கு நிரப்பி, மேலே டைல்ஸ் குழம்பு தேய்த்தேன். இது கட்டாயம். டைல்ஸ் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே அரை அங்குலம். என் புதிய பலகையின் கனமும் அரை அங்குலம். நிரப்பாமல் விட்டால் பலகை பள்ளத்தின் மேல் தொங்கும், தண்ணீர் மறுபடி அதே வாய்க்காலில்.

பலகை வாங்கப் போன இடத்தில் ஹார்ட்வேர் கடைத் தவுக்கே (முதலாளி) என்னை விடவில்லை. "காயு தா தாஹான் லா, பக்காய் பிளாஸ்டிக்." மரம் தாங்காது, பிளாஸ்டிக்கைப் போடு என்கிறார். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். நியாயமான பேச்சுதான். பிவிசி ஈரத்தில் உளுக்காது, கரையானுக்கு அது சாப்பாடும் இல்லை. ஆனால் அதைப் பசையால் சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். கரையான் அதைத் தின்னாது, அதன் பின்னால் நடந்து போகும். நேராகக் கதவு நிலைக்குப் போய்ச் சேரும்போதுதான் நமக்குத் தெரியும். எனக்கு வேண்டியது கழற்றிப் பார்க்கக்கூடிய பலகை. அது மரமா பிளாஸ்டிக்கா என்பது இரண்டாம் விஷயம். மரம்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது, சரி, அப்பா அடித்தது மரம் என்பதால். செங்கால் என்கிற கெட்டி மரம் கிடைத்தால் கரையான் சுலபத்தில் கிட்டே வராது. விலையைக் கேட்டுவிட்டு மறுபடியும் மெராந்திக்கே வந்தேன்.

8 அடித் துண்டுகள் ஆறு. கணக்கு போட்டுப் பார்த்தால் ஐந்து துண்டும் ஆறாவதில் 2 அடியும் போதும். 12 அடிச் சுவர் ஒவ்வொன்றுக்கும் 8-ம் 4-ம், 10 அடிச் சுவருக்கு 8-ம் 2-ம், கதவுச் சுவரின் 7 அடிக்கு ஒரு துண்டு. இரண்டு 4 அடியையும் ஒரே துண்டில் வெட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. காகிதத்தில் சரியாக வந்தது. மரத்தில் வரவில்லை. ரம்பம் தின்கிற மரம் இருக்கிறது; அதோடு இரண்டு பலகையை நேராக முட்டவிட்டால் நாளைக்கு அந்த இடத்தில் கோடு தெரியும் என்று இரண்டு முனையையும் 45 டிகிரியில் சாய்த்து வெட்டி ஒன்றின் மேல் ஒன்றைப் படியவைத்தேன். அந்தச் சாய்வுக்கு ஒவ்வொரு இணைப்பிலும் பலகைக் கனத்தளவு கூடுதல் நீளம் வேண்டும். இரண்டாவது 4 அடித் துண்டு அரை அங்குலத்துக்கு மேல் குட்டையாகிப்போனது. ஆறாவது துண்டில் மிச்சம் இருந்ததால் பிழைத்தேன். கணக்குக்கு மேல் ஒரு துண்டு வாங்குங்கள்.

அடிப்பதற்கு முன் எல்லாத் துண்டையும் நான்கு பக்கமும் மரக் காப்பு மருந்து தடவி, காயவிட்டு, அண்டர்கோட்டு ஒன்று, வெள்ளை இரண்டு. பின்பக்கம், அடி விளிம்பு, வெட்டிய முனை எல்லாவற்றுக்கும். முனைக்கு மூன்று தடவை. முதல் தடவை அடித்தது அப்படியே உள்ளே போய்விடும். போராக்ஸ் வகை மருந்து மரத்துக்கு நல்லது, ஆனால் தண்ணீரில் கரைந்து வெளியேறக்கூடியது, அதனால் மேலே பெயின்ட் மூடியே ஆக வேண்டும். கேரம் பலகைக்குத் தூவும் போரிக் பவுடரும் இந்தக் குடும்பம்தான் என்பது எனக்குத் தெரிந்தபோது ஒரு சிரிப்பு வந்தது. சின்ன வயதில் தோட்டத்து மன்றத்தில் எவ்வளவு தூவியிருப்போம்.

மூலைதான் என்னை வாட்டியது. இரண்டு பலகையையும் 45 டிகிரியில் வெட்டி முட்டவிட்டேன். மேலே சேர்ந்தது, கீழே ஒரு விரல் நகம் போகிற இடைவெளி. மறுபடி வெட்டினேன். கீழே சேர்ந்தது, மேலே திறந்தது. அடுத்த தெருவில் இருக்கும் மாமா ஒருவர், தோட்டத்துப் பட்டறையில் ஆசாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், மாலை நடைக்கு வந்தவர் எட்டிப் பார்த்தார். கையில் மூலைமட்டத்தை வாங்கி மூலையில் வைத்துக் காட்டினார். "மூலையே சதுரம் இல்ல தம்பி. நீ சதுரமா வெட்டி என்ன பண்ண?"

அவர் சொல்லிக்கொடுத்தது இப்படி. ஒரு பலகையை நேராக வெட்டிச் சுவரில் முட்டவிடு. அதைத் தொடாதே. இன்னொரு பலகையின் முனையை 45 டிகிரியில் வெட்டு. வெட்டியதும் முன்பக்கத்தில் பலகையின் வளைவு ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் பென்சில் போட்டு, மெல்லிய அலகுள்ள வில் ரம்பத்தால் கோட்டோடு அறு. அறுக்கும்போது ரம்பத்தைக் கொஞ்சம் உள்பக்கமாகச் சாய்த்துக்கொள், பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் குறைந்து இருக்கட்டும். இப்போது அந்த முனை முதல் பலகையின் மேல் தொப்பி மாதிரி உட்காரும். மூலை 88 டிகிரியா 92 டிகிரியா என்ற கவலை இல்லை, ஏனென்றால் முன்விளிம்பு மட்டும்தான் தொடுகிறது. முதல் முனை அசிங்கமாக வந்தது. உருண்டை அரம் வைத்து வளைவைத் தேய்த்துச் சரிபண்ணினேன். இரண்டாவது பரவாயில்லை. நான்காவது மூலையில் மாமாவே "ம்" என்றார். ஒரு காப்பிகூட வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார்.

பொருத்துவது. பலகையில் இரண்டடிக்கு ஒன்றாக ஸ்குரூ போகிற துளை முதலில் போட்டு, தலை உள்ளே உட்காரக் குழித்தேன். பலகையைச் சுவரில் வைத்து, துளை வழியாக ஆணியால் குத்திக் குறித்து, பலகையை எடுத்துவிட்டு 6 மில்லிமீட்டர் சிமிண்டு பிட்டால் டிரில் செய்து, ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பிளக். இங்கே இன்னொரு முட்டாள்தனம்: ஒன்றரை அங்குல ஸ்குரூ வாங்கியிருந்தேன். பலகை அரை அங்குலம், பூச்சு முக்கால் அங்குலம் போனால் செங்கல்லுக்குள் என்ன இருக்கும்? பூச்சிலேயே பிளக் சுற்றிக்கொண்டு நின்றது. மறுபடி கடைக்கு ஓடி இரண்டரை அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ வாங்கினேன், பிளக்கையும் செங்கல் வரைக்கும் தள்ளிச் செருகினேன். அதற்குப் பிறகு ஆடவில்லை. ஸ்டெயின்லெஸ் ஏனென்றால் தரையைத் துடைக்கிற தண்ணீரில் சாதா ஸ்குரூ துருப்பிடித்து, கழற்ற வேண்டிய நாளில் தலை தேய்ந்துபோகும்.

தரையிலிருந்து 3 மில்லிமீட்டர் தூக்கி வைத்தேன். காலண்டர் அட்டையை மடித்து அடியில் வைத்துக்கொண்டு முடுக்கினால் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி. அதைச் சிலிக்கான் வைத்து அடைக்கவா என்று ரொம்ப யோசித்தேன். அடைத்தால் பார்க்க அழகு. அடைக்காவிட்டால் போன தண்ணீர் காய்ந்துவிடும். அடைக்கவில்லை. எறும்பு போகும் என்றார்கள், போகட்டும். மேல் விளிம்பில் சுவர் அலை அலையாக இருந்த இடத்தில் மட்டும், பெயின்ட் அடிக்கக்கூடிய அக்ரிலிக் ஃபில்லரை நூல் மாதிரி இழுத்து ஈர விரலால் தடவினேன். அதைக் கட்டர் கத்தியால் ஒரு கீறில் திறந்துவிடலாம். ஸ்குரூ தலைக்குப் பட்டி வைத்து மறைப்பதும் வழக்கம். நான் மறைக்கவில்லை. தலையில் சின்ன வெள்ளைப் பிளாஸ்டிக் மூடி, நகத்தால் நெம்பினால் வரும். என் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. "புள்ளி வச்ச மாதிரி இருக்கு" என்கிறார். கட்டில் பாதியை மறைத்துக்கொண்டது, பேச்சு அதோடு நின்றது.

பழைய பலகையைப் பின்பக்கம் போட்டு எரித்துவிடச் சொன்னார்கள். திறந்த வெளியில் எரிப்பது இங்கே சட்டப்படி குற்றம். பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரத்துக்கு அடியில் கொண்டுபோய்ப் போட்டால் கரையானுக்கு நானே விருந்து வைத்த மாதிரி. குப்பைப் பையில் கட்டிக் கொடுத்துவிட்டேன். ஒரு துண்டு மட்டும் கொஞ்சம் கெட்டியாக மிஞ்சியது. அதன் பின்பக்கத்தில் ஆசாரியின் பென்சில் எழுத்து, 11 அடி 10½ என்று. நான் 12 அடி என்று அளந்த அதே சுவர். மறுபடி டேப் பிடித்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. அப்படியானால் என் இரண்டாவது துண்டு ஏன் குட்டையானது? இன்றுவரை விளங்கவில்லை.

போன மாதம் தீபாவளிக்கு வீட்டைத் துடைக்கும்போது கதவோரத் துண்டை மட்டும் கழற்றிப் பார்த்தேன். ஐந்து ஸ்குரூ, பத்து நிமிடம். பின்னால் சுவர் சுத்தம், ஒரு பல்லி முட்டை ஓடு, அம்மா தேடிக்கொண்டிருந்த ஒரு ஊசி. திரும்ப முடுக்கினேன். அடுத்தது ஹால். அங்கே டிவி அலமாரியை நகர்த்த மச்சான் வர வேண்டும், அவரும் வருகிறேன் வருகிறேன் என்கிறார்.